எடைத்தராசில் ஏறும் கருவிகள்

கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒன்றில், உடைந்த மோட்டார் கூடுகளுக்கும் வளைந்த ஜன்னல் கம்பிகளுக்கும் அடியில் ஒரு பெஞ்ச் வைஸ் (வேலைத்துண்டை இரு தாடைகளுக்கிடையே இறுகப் பிடிக்கும் கருவி) கிடந்தது. தாடையின் அகலம் 6 அங்குலம். திருகாணி துருவில் இறுகிப்போயிருந்தது, கைப்பிடி இல்லை, பாதி உடம்பு மண்ணுக்குள். கடைக்காரர் அதை இழுத்துத் தராசில் போட்டார். 25 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டியது. பக்கத்தில் கிடந்த மோட்டார் கூட்டுக்கு என்ன கிலோ விலையோ, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்டார். அதே அளவில் புதிய வைஸ் வாங்கப் போனால் பல மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும்.

பேரத்தில் வென்றதாக இதைச் சொல்லவில்லை. கடைக்காரர் ஏமாறவும் இல்லை. அவருடைய உண்மையான வாடிக்கையாளர் நான் அல்ல, உலை. கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் உள்ள மின்தூண்டல் உலைகள் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பிகளுக்கான பாளங்களை வார்க்கின்றன. கோவையின் வார்ப்படச் சாலைகள் உடைந்த வார்ப்பிரும்பை வாங்கிப் பம்புக் கூடுகளாக மறுபடி வார்க்கின்றன. உலைக்குள் போகும் இரும்பு என்ன வடிவத்தில் இருந்தது என்பது அங்கே கணக்கில் வராது. யாரோ ஒருவர் அந்தத் தாடைகளை மட்டம் பார்த்துக் கடைந்த உழைப்புக்கும், திருகாணியில் சதுரப் புரி (திருகின் சுற்றுவரி) வெட்டிய நேரத்துக்கும் உலை ஒரு காசும் கொடுக்காது. வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு வேண்டியதோ அந்த உழைப்புத்தான். பழைய இரும்புச் சந்தையில் எதைத் தேடுவது, எங்கே நிற்பது, எந்த நேரத்தில் போவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை, உலையின் கணக்குக்கும் நம் கணக்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தெருவில் வண்டி தள்ளி வருபவரிடமிருந்து இரும்பின் பயணம் தொடங்குகிறது. அவர் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் வாங்கியதை அன்று மாலையே காயலான் கடையில் போடுகிறார். (காயல்பட்டினத்து வணிகர்களால் இந்தத் தொழிலுக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு.) சிறு கடை ஓரளவு தரம் பிரிக்கிறது: கனமான இரும்பு தனி, தகரம் தனி, வார்ப்பிரும்பு தனி, பித்தளையும் செம்பும் பூட்டிய அறைக்குள். அங்கிருந்து லாரியில் பெரிய குடோனுக்குப் போகிறது. குடோனில்தான் ஒரு கருவி கருவியாக இருக்கும் நிலை முடிவுக்கு வருகிறது. உலையின் வாய்க்குள் நுழைய வேண்டும் என்பதற்காக நீளமான எஃகை வாயு வெட்டுச் சுடரால் துண்டு போடுகிறார்கள். வார்ப்பிரும்பு எளிதில் நொறுங்கும் என்பதால் சம்மட்டியாலேயே உடைத்துவிடுகிறார்கள். லேத் எனும் கடைசல் இயந்திரத்தின் படுக்கை (நீண்ட அடிச்சட்டம்) ஒன்று அப்படி நான்கு துண்டுகளாகக் கிடந்ததை ஒரு குடோன் வாசலில் பார்த்திருக்கிறேன். உடைந்த முனைகள் சாம்பல் நிறத்தில் புதிதாக மின்னின. அன்று காலைதான் உடைத்திருக்க வேண்டும். இன்னும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஆகவே குடோனுக்கு முந்தைய கட்டத்தில் நிற்க வேண்டும். சிறு கடைக்குச் சரக்கு வருவது பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல். லாரி ஏறும் நாள் கடைக்குக் கடை வேறுபடும், கேட்டால் சொல்லிவிடுவார்கள். லாரி போன மறுநாள் போனால் வெறும் தரையைப் பார்த்துத் திரும்பலாம். லாரிக்கு முந்தைய நாள் போனால் குவியல் உச்சத்தில் இருக்கும், கடைக்காரருக்கும் இடத்தைக் காலி செய்யும் அவசரம் இருக்கும். ஒரே நாளில் பத்துக் கடை ஏறி இறங்குவதைவிட, இரண்டு கடைகளுக்கு மாதக்கணக்கில் போய்வருவதே பலன் தருகிறது என்பது என் அனுபவம். சென்னையில் ‘பாய்’ என்றும், தென்மாவட்டங்களில் ‘அண்ணாச்சி’ என்றும், கொங்குப் பக்கம் ‘அண்ணா’ என்றும் கூப்பிட்டுப் பழகி, எந்த மாதிரிப் பொருள் தேவை என்று சொல்லிவைத்தால், அவர்களே எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அதற்கு ஒரே நிபந்தனை உண்டு. எடுத்து வைத்ததை மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும், சில சமயம் தேவையில்லாவிட்டாலும்.

ஒவ்வோர் ஊரின் குவியலும் அந்த ஊரின் தொழில் வரலாற்றைச் சொல்லும். கோவையில் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. அவற்றின் இயந்திரங்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் வந்தன. பட்டறைகளிலிருந்து பம்பும் மோட்டாரும் செய்யும் தொழில் வளர்ந்தது. 1999-ல் ஜவுளித் தொழிலுக்கான தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தபோது, புதிய இயந்திரங்களுக்கான கடனுக்கு வட்டிச் சலுகை கிடைத்தது. ஆலைகள் பழைய நூற்பு இயந்திரங்களைக் கழித்துக் கட்டின. சிறு பட்டறைகளிலும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்கள் வரவர, கையால் இயக்கும் லேத்துகள் வெளியேறின. இன்றைக்குக் கோவைக் கடைகளில் நூற்பு இயந்திரத்தின் நீண்ட எஃகுத் தண்டுகளும், வார்ப்பிரும்புப் பற்சக்கரங்களும், அரைத்து மெருகேற்றிய உருளைகளும் கிடைப்பது இதனால்தான். பட்டறையில் சாய்வு பார்க்கவோ, தாங்கி (பேரிங்) பொருத்திச் சுழலவைக்கவோ, அப்படிப்பட்ட ஓர் உருளைக்கு நிகராகப் புதிதாக ஒன்று வாங்குவது கையைக் கடிக்கும்.

சென்னையில் புதுப்பேட்டை வேறு உலகம். அங்கே வண்டிகளைப் பிரித்து எஞ்சின், கியர்பெட்டி, சக்கர அச்சு, பிரேக் தட்டு, பட்டை வில் (வண்டியின் பாரம் தாங்கும் எஃகுப் பட்டை) எனத் தனித்தனியாக விற்கிறார்கள். அங்கே பெரும்பாலானவை உருப்படி விலைக்குத்தான். ஓடக்கூடிய பாகத்துக்கு ஓடும் விலை சொல்வார்கள். ஓடாது என்று ஒதுக்கிய பாகங்களைக் கேட்க வேண்டும். தேய்ந்த பட்டை வில்லும் பள்ளம் விழுந்த அச்சும் வண்டிக்கு உதவாதவை. ஆனால் உளியும் தண்டும் செய்ய நல்ல எஃகு. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளைச் சுற்றியுள்ள கடைகளில் அச்சு வார்ப்பு, இயந்திர வேலைப் பட்டறைகளின் மிச்சத் துண்டுகள் வரும்.

திருச்சியில் துவாக்குடிப் பக்கம் கொதிகலன் தொழிற்சாலையை நம்பி வளர்ந்த கட்டமைப்புப் பட்டறைகள் நிறைய. தடித்த தகட்டின் வெட்டுத் துண்டுகளுக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். சிவகாசியில் கழித்த அச்சடிக்கும் இயந்திரங்கள் கிடைக்கும்.

ரயில்வேயும் மற்ற அரசு நிறுவனங்களும் கழிவுகளை இணையவழி ஏலத்தில் விற்கின்றன. 1964-ல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் இதில் பெரிய பெயர். வீட்டுப் பட்டறைக்கு இது நேரடியாகப் பயன்படாது. டன் கணக்கில் தொகுதியாக ஏலம் போகும், முன்பணம் கட்ட வேண்டும், குறித்த நாளுக்குள் அள்ளிப் போக வேண்டும். ஏலம் எடுத்தவரைத் தெரிந்துகொண்டு, சரக்கு அவர் குடோனில் இறங்கும் அன்று போய் நிற்பதே நடைமுறை.

எதைப் பழையதாக வாங்கலாம் என்பதில் என் தீர்ப்பு இதுதான்: அசையாத பாகங்கள் அதிகமுள்ள கருவி, எத்தனை பழையதானாலும் நல்லது. வைஸ், பட்டறைக்கல், சம்மட்டி, சி கிளாம்பு, மட்டப் பலகை, ஸ்பேனர் எல்லாம் இந்த வகை. வைஸில் பார்க்க வேண்டியது விரிசல். தாடைக்குக் கீழே உடம்பு வளையும் இடத்திலும், அடித்தட்டின் போல்ட் துளைகளைச் சுற்றியும் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு உடம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால் விட்டுவிடுங்கள். ஒருமுறை உடைந்த இடம் அதே இடத்தில் மறுபடி உடையும். தாடைத் தகடு தேய்ந்திருந்தால் கவலை வேண்டாம், இரண்டு திருகுகளைக் கழற்றினால் புதிதாகச் செய்து போட்டுவிடலாம். திருகாணியின் புரி கத்திபோல் கூர்ந்திருந்தால் நட்டும் போயிருக்கும்.

சுத்தியலில் தலைதான் முக்கியம். பிடி போயிருந்தால் கருவேலங்கட்டையில் புதிதாகச் சீவிக்கொள்ளலாம். வெட்டுளியின் அடிக்கும் முனை காளான்போல் விரிந்திருந்தால், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகச் சாணைபிடித்து நீக்கிவிட வேண்டும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணுக்குள் போனால் பார்வையே போய்விடும்.

ஸ்பேனர்கள் கிலோ கணக்கில் கிடைக்கும்போது ஒரு பழைய குழப்பம் கூடவே வரும். இந்தியா 1956-ல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் இயற்றி, அடுத்த சில ஆண்டுகளில் மாறியது. அதற்கு முந்தைய ஆலை இயந்திரங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அவற்றின் புரிகள் விட்வொர்த் எனும் பழைய ஆங்கிலேய அங்குல அளவைச் சேர்ந்தவை. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும், வாயின் அகலத்தை அல்ல. மெட்ரிக் ஸ்பேனரில் 17 என்றிருந்தால் அதன் வாய் 17 மில்லிமீட்டர். இது தெரியாமல் வாங்கினால் எந்த நட்டிலும் பொருந்தாத ஸ்பேனர்களை ஒரு பெட்டி நிறையச் சேர்த்துவைப்போம். புரியிலும் இதே சிக்கல். விட்வொர்த் புரியின் கோணம் 55 பாகை, மெட்ரிக் புரிக்கு 60. அரை அங்குல விட்வொர்த் நட்டு 12 மில்லிமீட்டர் போல்ட்டில் தொளதொளவென்று ஏறி, பிடித்ததுபோல் நிற்கும். பலமாக முறுக்கினால் புரி சிதைந்துவிடும். புரி அளவி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

வெட்டும் கருவிகளில் கவனம் வேண்டும். பழைய அரம் வாங்காதீர்கள். அரமாக அதற்கு வாழ்வு முடிந்துவிட்டது. எஃகாக வேண்டுமானால் வாங்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். துளைபோடும் பிட்டுகள் வேறு விதம். பெரிய பட்டறைகள் முனை மழுங்கியதும் எறிந்துவிடும் பெரிய விட்டப் பிட்டுகள் எடைக்கு வருகின்றன. தண்டில் ‘எச்.எஸ்.எஸ்.’ (அதிவேக எஃகு) என்ற முத்திரையும், சென்னையின் அடிசன் போன்ற நல்ல நிறுவனத்தின் பெயரும் இருந்தால் தயங்காமல் எடுத்து, சாணைபிடித்துப் பயன்படுத்தலாம். புரிவெட்டும் டாப்பு மட்டும் பழையதாக வேண்டவே வேண்டாம். மழுங்கிய டாப்பு வேலைத்துண்டுக்குள் உடைந்தால், டாப்போடு அந்தத் துண்டும் போய்விடும்.

நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரும் வெர்னியரும் வாங்கும்போது கைகுட்டையால் தாடைகளைத் துடைத்து மூடுங்கள். பூஜ்யம் சேர்கிறதா, மூடிய தாடைகளுக்கிடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பூஜ்யம் சற்று விலகியிருந்தால் திருத்தலாம். கீழே விழுந்து சட்டம் வளைந்தது திருந்தாது.

மின்கருவிகளில் கையடக்க கிரைண்டரையும் டிரில்லையும் பழையதாக வாங்குவதை நான் ஏற்பதில்லை. ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) சுருள் கருகியதா என்று வெளியிலிருந்து தெரியாது, மறுபடி சுற்றியிருந்தால் அதுவும் தெரியாது. ஆனால் தனி மோட்டார் நல்ல வாங்குதல். உணவகங்களிலிருந்து கழித்துவரும் பெரிய வெட் கிரைண்டர்களின் மோட்டாரைப் பாருங்கள்: அரைக் குதிரைத்திறன் அல்லது அதற்கு மேல், வீட்டு மின்சாரத்திலேயே ஓடும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று. பட்டைச் சாணைக்கும் மெருகு சக்கரத்துக்கும் அதைவிடப் பொருத்தமான மோட்டாரை நான் கண்டதில்லை. நாள் முழுதும் மாவரைத்துப் பழகிய உழைப்பாளி அது. அச்சைக் கையால் சுழற்றிப் பார்த்து, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, மின்தேக்கி உப்பியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். தாங்கியும் மின்தேக்கியும் எந்த மோட்டார் கடையிலும் கிடைக்கும்.

இனி லேத். பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் கடைசியில் மனம் போய் நிற்கும் இடம் அதுதான். இந்தியாவில் லேத்தைப் படுக்கையின் நீளத்தால் சொல்லும் வழக்கம் இருக்கிறது: நாலரை அடி, ஆறு அடி என்று. பழைய சந்தையில் சில பெயர்களுக்கு இன்றும் மரியாதை உண்டு. கர்நாடகத்தின் ஹரிஹரில் 1941-ல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கரின் லேத்துகள், 1953-ல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத்துகள். இவை கனமானவை, வீட்டுப் பின்கட்டின் தளம் தாங்குமா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். பஞ்சாபின் பட்டாலாவிலிருந்தும் குஜராத்தின் ராஜ்கோட்டிலிருந்தும் வந்த எளிய லேத்துகள் இன்னொரு வகை. அவற்றில் தரம் ஒரே சீராக இருக்காது. நல்லது கிடைத்தால் வாழ்நாள் முழுவதும் உழைக்கும்.

லேத்தைச் சோதிக்கும்போது வண்ணத்தைப் பார்க்காதீர்கள். விற்பதற்கு முன் பச்சையோ சாம்பலோ அடித்துவிடுவது வழக்கம். படுக்கையைப் பாருங்கள். லேத்தில் பெரும்பாலான வேலை, வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால், தேய்மானமும் அங்கேதான் சேரும். சக்குக்கு அருகில், கத்தியைத் தாங்கிப் படுக்கைமேல் நகரும் வண்டியை நிறுத்தி, ஆட்டமில்லாதபடி அதன் பிடிமானத் தகடுகளை இறுக்குங்கள். பிறகு வண்டியைச் சக்குக்கு எதிர்ப்புறமுள்ள வால்முனைப் பக்கம் நகர்த்துங்கள். போகப்போக இறுகி நின்றால், சக்குப் பக்கம் படுக்கை தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதை வீட்டில் சரிசெய்ய முடியாது. படுக்கையை மறுபடி அரைக்க ஆகும் செலவு சிறிய லேத்தின் விலையை எட்டிவிடும். அடுத்து, சக்கில் தடித்த தண்டு ஒன்றைப் பிடித்து, டயல் அளவியை வைத்து, தண்டை மேல்நோக்கி நெம்புங்கள். முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு தளர்ச்சி. சுழல்தண்டின் தாங்கிகளை இறுக்க முடியுமா, மாற்ற வேண்டுமா என்பதை வைத்து விலை பேசலாம். குறுக்கு நகர்த்தியின் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றினால் பயப்பட வேண்டாம். அதற்குள் இருக்கும் நட்டு வெண்கலம், கடைந்து போட்டுவிடலாம். பட்டை, தாங்கி, நட்டு இவை மாறும்; படுக்கை மாறாது.

பலர் கவனிக்கத் தவறுவது மாற்றுப் பற்சக்கரங்களை. பழைய லேத்துகளில் புரி வெட்டுவதற்கு வெவ்வேறு பற்களுள்ள சக்கரங்களை மாற்றிமாற்றிப் போட வேண்டும். லேத் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போது இந்தச் சக்கரப் பெட்டிதான் தொலையும். அங்குல முறைத் திருகாணியுள்ள லேத்தில் மெட்ரிக் புரியைத் துல்லியமாக வெட்ட 127 பற்கள் கொண்ட சக்கரம் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை 5 ஆல் பெருக்கினால் 127 என்ற முழு எண் வரும், அதனால்தான் இந்த விந்தையான எண். அந்தப் பெட்டி இல்லாத லேத்துக்கு விலையைக் கணிசமாகக் குறைத்துக் கேட்பது நியாயம். கேட்பதற்கு முன், பெட்டி கடையின் வேறு மூலையில் கிடக்கிறதா என்று தேடுங்கள். தனியாகப் பிரிந்து எடைக்குப் போகக் காத்திருக்கும்.

மும்முனை மோட்டார் இருக்கிறதே என்று நல்ல லேத்தை விட்டுவிட வேண்டாம். ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக மாற்றிக் கொடுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்று எளிதாகக் கிடைக்கிறது. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. நம் நாட்டில் இரண்டு குதிரைத்திறன் வரையிலான மோட்டார்கள் பெரும்பாலும் நட்சத்திர இணைப்பில் 415 வோல்ட்டுக்கு அமைந்தவை. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தருவது ஏறக்குறைய 230 வோல்ட். இணைப்புப் பெட்டியில் சுருள்களின் ஆறு கம்பி முனைகளும் வெளியே வந்திருந்தால், அதை முக்கோண இணைப்பாக மாற்றினால் முழுத் திறனும் கிடைக்கும். மூன்று முனைகள் மட்டுமே வெளியே இருந்தால் மோட்டாரைத் திறந்து உள்முடிச்சைப் பிரிக்க வேண்டும். அது சுருள் சுற்றுபவரின் வேலை.

இரும்பையே மூலப்பொருளாக வாங்குவதற்கு வருகிறேன். தராசை நம்பலாமா என்பது எல்லோருக்கும் எழும் கேள்வி. கட்டடக் கம்பிக் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. உருண்டைக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோவில் வரும். 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 3.86 கிலோ; 50 மில்லிமீட்டர் தண்டு 15.4 கிலோ. தகட்டுக்கு, தடிமனை 7.85 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. 10 மில்லிமீட்டர் தகட்டில் ஓரடிக்கு ஓரடித் துண்டு ஏறக்குறைய 7.3 கிலோ. அளவுநாடாவும் இந்தக் கணக்கும் இருந்தால் தராசைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. கணக்கில் வருவதைவிட எடை மிகவும் குறைவாக இருந்தால், தண்டு என்று நினைத்தது குழாயாக இருக்கும்.

என்ன இரும்பு என்று கண்டுபிடிக்க முதலில் காந்தம். பிறகு பொறிச் சோதனை. சாணைச் சக்கரத்தில் லேசாக அழுத்தி, இருண்ட பின்னணியில் பொறிகளைப் பாருங்கள். சாதாரண மென்எஃகு வைக்கோல் நிறத்தில் நீண்ட கோடுகளாகப் போகும், வெடிப்பு குறைவு. கரிமம் கூடக்கூடப் பொறிகள் கிளைகிளையாக வெடிக்கும். பழைய அரத்தை வைத்தால் கார்த்திகைத் தீபத்தன்று சுற்றும் மாவலிபோல் பூத்துக் கொட்டும். அதிவேக எஃகில் பொறி மங்கிய சிவப்பு, வெடிப்பே இராது. வார்ப்பிரும்பில் சிவந்து குட்டையாக வரும். செம்பு, பித்தளை, அலுமினியத்தில் பொறியே வராது. சாணைக்கல்லில் அப்பிக்கொள்ளும் என்பதால் அவற்றைச் சக்கரத்தில் வைக்காமலிருப்பதே நல்லது. அடையாளம் தெரிந்த துண்டுகளை, ஓர் அரம், ஒரு பிட்டு, ஒரு கட்டடக் கம்பி என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாக ஒரு பொறியை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் தவறிவிடும்.

ஒரு பொருள் முன்பு என்ன வேலை செய்தது என்பதும் அதன் எஃகைச் சொல்லிவிடும். பந்துத் தாங்கியின் வளையத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு கரிமமும் ஒன்றரை விழுக்காடு குரோமியமும் இருக்கும். லாரியின் பட்டை வில் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் கூடுதலான கரிமம் கொண்டது. எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கினால் அரிவாளுக்கும் உளிக்கும் ஏற்றது. அதனால்தான் நம் கொல்லர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். பழைய அரத்தில் கரிமம் 1 விழுக்காட்டைத் தாண்டும், மரவேலைச் சீவுகத்தி செய்யலாம்; ஆனால் முதலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மெல்ல ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். வில்லெஃகு ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்து களைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். காய்ச்சி அடித்த பின்னும் கோடு தெரிகிறதா என்று பார்ப்பது அவசியம். கட்டடக் கம்பியை மட்டும் இயந்திரத் தண்டாக்க வேண்டாம். அதன் மேற்பரப்பு கடினம், உள்ளே மென்மை. லேத்தில் கடையும்போதே இந்த வேறுபாடு கத்தியில் தெரியும்.

தண்டவாளத் துண்டு வீட்டுப் பட்டறைக்கல்லாக எல்லோர் ஆசையிலும் இருக்கிறது. மீட்டருக்கு 52 அல்லது 60 கிலோ எடையுள்ள அந்த எஃகில் ஓரடித் துண்டே நல்ல பட்டறைக்கல். ஆனால் ரயில்வே சொத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து ரசீதோடு வாங்கினால் தவிர, அந்தத் துண்டைத் தொடாதீர்கள். கனமான வண்டி அச்சுத் துண்டு ஒன்றை மரக்கட்டையில் நிறுத்தி வைத்தால் அதே வேலையைச் செய்யும். சமையல் எரிவாயு உருளையும் அப்படித்தான்: அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, வெட்டுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. மூடிய எந்தக் கலத்தையும், வண்டியின் அதிர்வுதாங்கியையும் சுடரிலோ கிரைண்டரிலோ வைக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் வரும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பூச்சை நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்தை நினைவில் வைக்க வேண்டும். 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி இரும்புச் சந்தையில், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை என்னவென்று தெரியாமல் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60 இருந்தது. பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒரு தொழிலாளி உயிரிழந்தார். படித்தவர்கள் நிறைந்த ஒரு நிறுவனம் கவனமின்றிக் கழித்ததற்கு, தராசின் மறுபக்கம் நின்றவர் உயிரைக் கொடுத்தார். மஞ்சள் தகட்டில் மூன்று இதழ்க் குறியுள்ள எதையும், அளவுக்குப் பொருந்தாத கனமுள்ள ஈயப் பெட்டியையும் கண்டால் விலகி நின்று காவல்துறைக்குச் சொல்லுங்கள். கடைக்காரருக்கும் அந்தக் குறியைக் காட்டி வையுங்கள். நாள் முழுதும் குவியலின் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்தபின் துரு. சிறிய பொருளுக்கு எலுமிச்சை உப்புக் கரைசலோ கெட்டியான புளிக்கரைசலோ போதும். வில்லெஃகை மட்டும் அமிலத்தில் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும். பெரிய பொருளுக்கு மின்பகுப்பு நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல், 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனை துருப்பிடித்த பொருளில், நேர்முனை வேண்டாத மென்எஃகுத் தகட்டில். நேர்முனையில் எவர்சில்வர் போடக் கூடாது, நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

உக்கடத்து வைஸ் இரண்டு இரவுகள் அப்படித் தொட்டியில் கிடந்தது. காலையில் எடுத்துக் கழுவி, கம்பித் தூரிகை போட்டு, வெயில் ஏறுவதற்குள் விளக்கெண்ணெய் தடவினேன். தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் செம்மை படர்ந்துவிடும். திருகாணி முனகிக்கொண்டே சுழன்றது. மண்ணுக்குள் இருந்த பக்கத்தில், புடைப்பெழுத்தில் ‘கோயமுத்தூர்’ என்று ஆங்கிலத்தில் வார்த்திருந்தது தெரிந்தது.